“இன்னும் ரெண்டு லட்சம்தான் சார்!” - சொகுசு எஸ்யூவி-யில் எந்த வேரியன்ட் உங்களுக்கு?

கார் ஷோரூமில் அடிக்கடி காதில் விழும் வாசகம் இதுதான்: “இன்னும் ரெண்டு லட்சம்தான் சார், டாப் வேரியன்டே எடுத்துடலாம்!”

நாற்பத்தைந்து லட்சம் ரூபாய் கார் வாங்க வந்தவருக்கு இரண்டு லட்சம் சில்லறை மாதிரித்தான் தெரியும். அதே மனிதர் வீட்டுக்கு 40,000 ரூபாயில் ஃபிரிட்ஜ் வாங்கும்போது, ஆயிரம் ரூபாய் குறைக்க நான்கு கடை ஏறி இறங்குவார். தொகை பெரிதாகப் பெரிதாக, அதன் பக்கத்தில் நிற்கும் தொகை சிறிதாகத் தெரிவது மனித இயல்பு. வேரியன்ட் பட்டியல் அந்த இயல்பை நம்பித்தான் எழுதப்படுகிறது.

இன்று மருத்துவர்கள், தொழில் செய்பவர்கள், கணவன் மனைவி இருவரும் ஐ.டி. வேலையில் இருக்கும் குடும்பங்கள் ஆகியோருக்கு முதல் சொகுசு காராக அமைவது பெரும்பாலும் சின்ன சைஸ் எஸ்யூவி. பிஎம்டபிள்யூ எக்ஸ்1, ஆடி க்யூ3, மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்ஏ மூன்றும் அந்த வரிசையில் முன்னால் நிற்பவை. மூன்றுமே இந்தியாவில் அசெம்பிள் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தவை. எக்ஸ்1, செங்கல்பட்டு மாவட்டம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-ல் தொடங்கப்பட்ட பிஎம்டபிள்யூ தொழிற்சாலையில் இருந்து வருகிறது. ஜிஎல்ஏ-வுக்குப் புனே அருகே உள்ள சாக்கன். க்யூ3-க்கு ஔரங்காபாத்.

எந்த பிராண்டு என்று முடிவு செய்வதைக்கூட வீட்டில் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். அந்த பிராண்டில் எந்த வேரியன்ட் என்பதில்தான் குழப்பமே ஆரம்பிக்கும். அப்பாவுக்கு இன்ஜின், அம்மாவுக்கு சீட், பிள்ளைகளுக்கு சன்ரூஃப், எல்லோருக்கும் சேர்த்து பட்ஜெட்!

குழப்பம் தீர ஒரே வழி, வேரியன்டுகளுக்கு இடையே இருக்கும் ‘படி’ என்ன மாதிரியான படி என்று பார்ப்பதுதான். மொத்தம் மூன்று வகைப் படிகள் உண்டு: இன்ஜின் படி, வசதிப் படி, அலங்காரப் படி. மேலே சொன்ன மூன்று கார்களும் இதற்கு நல்ல உதாரணங்கள்.

முதலில் விலைப் பட்டியல்

கீழே இருப்பவை அந்தந்த வேரியன்ட் அறிமுகமானபோது அறிவிக்கப்பட்ட எக்ஸ்-ஷோரூம் விலைகள். அதற்குப் பிறகு விலையும் வேரியன்ட் பட்டியலும் மாறியிருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவிகிதம் என்று மாற்றப்பட்டது. அதனால் இன்றைய விலையை ஷோரூமில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே பார்க்க வேண்டியது விலையை அல்ல, இடைவெளியை.

பிஎம்டபிள்யூ எக்ஸ்1 (ஜனவரி 2023)
- எஸ்டிரைவ்18ஐ எக்ஸ்லைன், பெட்ரோல்: 45.90 லட்சம்
- எஸ்டிரைவ்18டி எம் ஸ்போர்ட், டீசல்: 47.90 லட்சம்

ஆடி க்யூ3 (ஆகஸ்ட் 2022)
- பிரீமியம் ப்ளஸ், பெட்ரோல்: 44.89 லட்சம்
- டெக்னாலஜி, அதே பெட்ரோல்: 50.39 லட்சம்

மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்ஏ (ஜனவரி 2024)
- ஜிஎல்ஏ 200, பெட்ரோல்: 50.50 லட்சம்
- ஜிஎல்ஏ 220டி 4மேட்டிக், டீசல்: 54.75 லட்சம்
- ஜிஎல்ஏ 220டி 4மேட்டிக் ஏஎம்ஜி லைன், அதே டீசல்: 56.90 லட்சம்

எக்ஸ்1: இன்ஜின் படி

‘எஸ்டிரைவ்18டி’ என்ற பெயரைப் பார்த்தால் பாஸ்வேர்டு மாதிரி இருக்கும். பிரித்தால் எளிது. ‘எஸ்டிரைவ்’ என்றால் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் இயக்கம். எக்ஸ்1-ல் அது முன்சக்கரங்கள். நான்கு சக்கரங்களும் இயங்கினால் ‘எக்ஸ்டிரைவ்’. ‘18’ என்பது இன்ஜினின் கொள்ளளவு அல்ல, திறன் வரிசையில் அதற்குத் தரப்பட்ட இடம். கடைசி எழுத்து ‘ஐ’ என்றால் பெட்ரோல், ‘டி’ என்றால் டீசல். எக்ஸ்லைன், எம் ஸ்போர்ட் என்பவை தோற்றத்தையும் உள் அலங்காரத்தையும் குறிக்கும் பெயர்கள்.

அறிமுகத்தின்போது எக்ஸ்1-ல் இந்த இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. பெட்ரோல் வேண்டும் என்றால் எக்ஸ்லைன், டீசல் என்றால் எம் ஸ்போர்ட். ஆகவே இரண்டு லட்சம் இடைவெளியில் பெரிய பங்கு இன்ஜினுக்கு.

பெட்ரோல், 1.5 லிட்டர் 3 சிலிண்டர் டர்போ: 136 எச்.பி., 230 நியூட்டன் மீட்டர் டார்க். டீசல், 2 லிட்டர் 4 சிலிண்டர்: 150 எச்.பி., 360 நியூட்டன் மீட்டர். எச்.பி-யில் பெரிய வித்தியாசம் இல்லை. டார்க்கில்தான் விஷயம். குடும்பம் மொத்தமும் லக்கேஜோடு ஏறி உட்கார்ந்து கொடைக்கானல் மலை ஏறும்போது, அல்லது நெடுஞ்சாலையில் லாரியை ஓவர்டேக் செய்யும்போது அந்த 130 நியூட்டன் மீட்டர் காலுக்கடியில் தெரியும்.

சரி, டீசல் எடுத்தால் காசு மிச்சமாகுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிறுவனம் சொன்ன மைலேஜ் பெட்ரோலுக்கு லிட்டருக்குச் சுமார் 16.3 கி.மீ., டீசலுக்கு 20.3 கி.மீ. சாலையில் இரண்டுமே இதைவிடக் குறையும். ஒப்பிடுவதற்கு இதுவே போதும். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 10,000 கி.மீ. ஓட்டுபவருக்கு மிச்சம் சுமார் 16,000 ரூபாய். தமிழ்நாட்டுச் சாலை வரியையும் சேர்த்தால் இரண்டு லட்சம் இடைவெளி 2.40 லட்சம் ஆகிவிடும். அதை மைலேஜில் திரும்ப எடுக்க 15 வருடம்! வருடத்துக்கு 25,000 கி.மீ. ஓட்டுபவர் 6 வருடத்தில் எடுத்துவிடுவார்.

இன்னொரு விஷயமும் உண்டு. பிஎஸ்6 டீசல் கார்களில் புகையில் உள்ள கரித்துகளைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் இருக்கும். அது சேர்த்துவைத்த கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள, கார் அவ்வப்போது ஓரளவு வேகத்தில் தொடர்ந்து சிறிது நேரம் ஓட வேண்டும். தினமும் பிள்ளையை ஸ்கூலில் விட்டு, மார்க்கெட் போய், 4 கி.மீ-யில் வீடு திரும்பும் காருக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. எச்சரிக்கை விளக்கு எரியும், சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டி வரும்.

ஆகவே, நகரத்துக்குள் மட்டும் ஓட்டும் குடும்பத்துக்கு பெட்ரோல் எக்ஸ்லைன் ‘கீழ்ப்படி’ அல்ல, அதுதான் சரியான படி. மாதம் இருமுறை சென்னையிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ போய்வருபவருக்கு இரண்டு லட்சம் கூடுதல் நியாயமானது.

பிறகு பெட்ரோலிலும் எம் ஸ்போர்ட் வந்தது. பம்பரும் ஸ்டீயரிங்கும் மாறின. 136 எச்.பி. மாறவில்லை.

க்யூ3: வசதிப் படி

ஆடியின் பட்டியல் வேறு மாதிரி. இரண்டு வேரியன்டுக்கும் ஒரே 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 190 எச்.பி., 320 நியூட்டன் மீட்டர். ‘குவாட்ரோ’ என்ற நான்கு சக்கர இயக்கமும், 7 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் இரண்டிலும் உண்டு. ஆறு ஏர்பேக், பனோரமிக் சன்ரூஃப், எல்.இ.டி. ஹெட்லைட், மின்சாரத்தில் நகரும் முன் சீட் ஆகியவையும் கீழ் வேரியன்டிலேயே வந்துவிட்டன.

அப்படியானால் 5.50 லட்சம் எதற்கு? நேவிகேஷனுடன் கூடிய பெரிய டச் ஸ்கிரீன், ஓட்டும் பாணியை மாற்றிக்கொள்ளும் ‘டிரைவ் செலக்ட்’, உள்ளே 30 வண்ணங்களில் ஒளிரும் விளக்கு போன்றவற்றுக்கு. எல்லாமே நல்ல வசதிகள்தான். ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ‘இதை வாரத்தில் எத்தனை நாள் பயன்படுத்துவோம்?’

காரின் நேவிகேஷன் இருந்தாலும் பலர் வழி பார்ப்பது கையில் இருக்கும் போனில்தான். வண்ண விளக்கை முதல் மாதம் தினமும் மாற்றுவார்கள். ஆறாம் மாதம் அது ஒரே நிறத்தில் நின்றுவிடும். மாறாக, தினமும் நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு நல்ல ஸ்கிரீனும், மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஓட்டும் பாணியை மாற்றும் வசதியும் தினசரிப் பயன்.

வசதிப் படியில் ஏறுவது தவறில்லை. பட்டியலில் இருக்கும் பத்து வசதிகளில் நமக்குத் தேவையானவை இரண்டுதான் என்றால், அந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஐந்தரை லட்சம் கொடுக்கிறோம் என்று தெரிந்து ஏற வேண்டும்.

ஜிஎல்ஏ: இரண்டு படி, இரண்டு விதம்

ஜிஎல்ஏ-வில் இரண்டு படிகள். முதல் படி 4.25 லட்சம். 1.3 லிட்டர் பெட்ரோலில் இருந்து (163 எச்.பி., 270 நியூட்டன் மீட்டர்) 2 லிட்டர் டீசலுக்கு (190 எச்.பி., 400 நியூட்டன் மீட்டர்) போகிறோம். கூடவே நான்கு சக்கர இயக்கமும், 7-க்குப் பதில் 8 ஸ்பீடு கியர்பாக்ஸும் வருகின்றன. இது காரின் எலும்பையே மாற்றும் படி.

இரண்டாவது படி 2.15 லட்சம். அதே டீசல் இன்ஜின், அதே 190 எச்.பி. இப்போது பெயரில் ‘ஏஎம்ஜி லைன்’ சேர்கிறது. முக்கியமாக மாறுவது பம்பர், சக்கரம், ஸ்டீயரிங் என்று கண்ணுக்கும் கைக்கும் தெரிபவை. இது அலங்காரப் படி.

ஏஎம்ஜி என்பது மெர்சிடிஸின் அதிவேக கார்களை உருவாக்கும் பிரிவு. பிஎம்டபிள்யூவில் அந்த இடம் ‘எம்’ பிரிவுக்கு. ‘ஏஎம்ஜி லைன்’, ‘எம் ஸ்போர்ட்’ என்று பெயரில் சேர்ந்துவிட்டதால் அந்த இன்ஜின் வந்துவிடாது. ஐரோப்பாவில் விற்கப்படும் எக்ஸ்1 எம்35ஐ என்ற நிஜமான எம் வகை கார் 300 எச்.பி. கொண்டது. எம் ஸ்போர்ட் பெட்ரோலுக்கு 136. கிரிக்கெட் வீரரின் ஜெர்சியைப் போட்டுக்கொள்வதற்கும் கிரிக்கெட் ஆடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்!

ஜெர்சி போடுவது குற்றமா? இல்லவே இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது, மனதுக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதுவும் ஒரு காரணம்தான். ‘பவர் அதிகம்’ என்று நினைத்து வாங்குவதுதான் ஏமாற்றம்.

மூன்று வேரியன்டுகளை வரிசையாக வைக்கும்போது நடுவில் இருப்பது ‘நியாயமானது’ போலத் தோன்றுவதும் தற்செயல் அல்ல. நுகர்வோர் நடத்தை ஆய்வாளர் இடமார் சைமன்சன் 1989-லேயே இதைச் சோதனைகள் மூலம் காட்டினார். ஒரு பொருள் இரு ஓரங்களுக்கு நடுவில் வைக்கப்பட்டால், அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகமாகிறார்கள். ‘ரொம்பக் குறைவும் வேண்டாம், ரொம்ப அதிகமும் வேண்டாம்’ என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்கிறது. நடுவில் இருக்கிறது என்பது மட்டும் வாங்குவதற்குக் காரணம் ஆகாது. மலைப்பாதையும் நீண்ட பயணமும் உள்ள குடும்பத்துக்கு நடு ஜிஎல்ஏ சரி. அண்ணா நகரில் இருந்து அடையாறு வரை போய்வருபவருக்குக் கீழ் ஜிஎல்ஏ போதும்.

அலங்காரத்தின் பின்செலவு

அலங்காரப் படிக்கு விலை ஷோரூமோடு முடிவதில்லை. உதாரணத்துக்குச் சக்கரம். வேரியன்ட் உயர உயர, பெரும்பாலும் சக்கரமும் பெரிதாகும். வெளிவட்டம் ஏறக்குறைய அதே அளவு என்பதால், உலோகச் சக்கரம் பெரிதாகும்போது ரப்பரின் உயரம் குறையும்.

டயரில் எழுதியிருக்கும் எண்ணிலேயே இதைக் கணக்கிடலாம். 225/55 ஆர்18 என்றால் டயரின் அகலம் 225 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவிகிதம். அதாவது சுமார் 124 மி.மீ. அதே காருக்கு 245/40 ஆர்20 போட்டால் பக்கச் சுவர் 98 மி.மீ.தான். பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் இரண்டரை செ.மீ. குறைந்துவிடுகிறது. பின் சீட்டில் இருக்கும் பாட்டிக்கு இடுப்பில் தெரியும். மழைக்காலத்தில் தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கும் பள்ளம் என்றால் சக்கரமே நெளியவும் வாய்ப்பு உண்டு. பெரிய சைஸ் டயரின் விலையும் பொதுவாக அதிகம். ஆகவே டெஸ்ட் டிரைவுக்கு வந்த கார் எந்த வேரியன்ட், எந்த சைஸ் சக்கரம் என்று கேளுங்கள். வாங்கப்போகும் அதே சக்கரத்தில், நல்ல ரோட்டிலும் மோசமான ரோட்டிலும் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது பம்பர். ஸ்போர்ட் வேரியன்டுகளின் பம்பர் அழகானது, கூர்மையானது. நம் ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கும், பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவுக்கும் அந்த அழகு தெரியாது. சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவிகிதம் தேய்மானம் கழித்துத்தான் பணம் தருவார்கள். பம்பர் மாற்ற ஒரு லட்சம் ஆனால், அதில் பாதி உங்கள் பாக்கெட்டில் இருந்து. ‘ஸீரோ டெப்’ என்று சொல்லப்படும் கூடுதல் பாலிசி எடுத்தால் இந்தக் கழிவு இருக்காது. சொகுசு காருக்கு அதை எடுக்காமல் விடுவது புத்திசாலித்தனம் அல்ல.

இரண்டு லட்சம் உண்மையில் எவ்வளவு?

தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள்கால சாலை வரி, 2023 நவம்பரில் இருந்து 20 சதவிகிதம். எனவே எக்ஸ்-ஷோரூம் விலையில் ஒவ்வொரு லட்சம் கூடும்போதும் வரியாக 20,000 ரூபாய் சேரும். இன்றைய வரி விகிதத்தில் மேலே பார்த்த படிகளின் நிஜ விலை இதுதான்:

- எக்ஸ்1, 2 லட்சம்: வரியோடு 2.40 லட்சம்
- ஜிஎல்ஏ அலங்காரப் படி, 2.15 லட்சம்: வரியோடு 2.58 லட்சம்
- ஜிஎல்ஏ இன்ஜின் படி, 4.25 லட்சம்: வரியோடு 5.10 லட்சம்
- க்யூ3 வசதிப் படி, 5.50 லட்சம்: வரியோடு 6.60 லட்சம்

இதற்கு மேல் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் கொஞ்சம் ஏறும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 1 சதவிகிதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் வரவாகிவிடும் என்பதால் ரிட்டர்னில் மறக்காமல் காட்டுங்கள்.

கடனில் வாங்கினால் என்ன ஆகும்? 9 சதவிகித வட்டி, 5 வருடத் தவணை என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 2,076 ரூபாய். க்யூ3-ன் 6.60 லட்சத்துக்கு மாதம் சுமார் 13,700 ரூபாய். ஐந்து வருடத்தில் கட்டியிருப்பது 8.2 லட்சம். 30 வண்ண விளக்கும் பெரிய ஸ்கிரீனும் மாதம் 13,700 ரூபாய்க்குத் தகுமா என்று கேட்டால், வீட்டில் வேறு பதில் கிடைக்கக்கூடும்.

10 லட்சம் ரூபாய் கார் வாங்குபவரும் கவனிக்க

‘45 லட்சம் கார் நமக்கு எதற்கு?’ என்று நினைப்பவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்குச் சாலை வரி 13 சதவிகிதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவிகிதம், அதுவும் முழு விலைக்கும்.

9.90 லட்சம் காருக்கு வரி 1,28,700 ரூபாய். ஒரு வேரியன்ட் மேலே போய் 10.20 லட்சம் கார் எடுத்தால் வரி 1,83,600 ரூபாய். விலையில் கூடியது 30,000. வரியில் கூடியது 54,900. ‘முப்பதாயிரம்தான் சார்’ என்று சொன்ன படி, உண்மையில் 84,900 ரூபாய் படி! ஷோரூமில் எக்ஸ்-ஷோரூம் விலையை மட்டும் ஒப்பிடாமல், ஒவ்வொரு வேரியன்டுக்கும் ஆன்-ரோடு விலையைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது?

ஒரு எளிய விதி. கார் வாங்கிய பிறகு மாற்றவே முடியாதவற்றுக்குப் பணம் கொடுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியவற்றுக்கும், இல்லாமலேயே வாழக்கூடியவற்றுக்கும் யோசித்துக் கொடுங்கள்.

மாற்ற முடியாதவை: இன்ஜின், கியர்பாக்ஸ், நான்கு சக்கர இயக்கம், ஏர்பேக் எண்ணிக்கை, டிரைவருக்கு உதவும் கேமரா - ரேடார் பாதுகாப்பு வசதிகள், இரவில் எதிரே வருபவர் கண் கூசாமல் ஒளியைத் தானே திருத்திக்கொள்ளும் ஹெட்லைட், சீட்டின் அமைப்பு, குழந்தை இருக்கை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி.

பிறகு சேர்க்கக்கூடியவை: மேட், டேஷ் கேமரா, போன் ஹோல்டர், சன் ஷேடு, டயர்.

இல்லாமலும் வாழக்கூடியவை: வண்ண விளக்கு, பளபளக்கும் பேட்ஜ், வாசற்படியில் ஒளிரும் பெயர்.

பாதுகாப்பு விஷயத்தில் இன்னொரு நுணுக்கம். எக்ஸ்1 கார் 2022-ல் யூரோ என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அந்த மதிப்பெண், சோதனைக்கு எடுத்த ஐரோப்பிய காரில் இருந்த சாதனங்களையும் சேர்த்துத்தான். இங்கே வாங்கும் வேரியன்டில் அதே சாதனங்கள் இருக்கின்றனவா என்று எந்த காருக்கும் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஐந்து நட்சத்திரம்’ என்ற ஒரு வார்த்தையோடு நின்றுவிடக் கூடாது.

குடும்பத்தோடு போய் உட்காருங்கள்

பட்டியலை வீட்டிலேயே பார்க்கலாம். உட்கார்ந்து பார்க்க ஷோரூமுக்குத்தான் போக வேண்டும். ஓட்டப்போகிறவர் தன் வசதிக்கு முன் சீட்டை நகர்த்திய பிறகு, வீட்டில் உயரமானவர் அதன் பின்னால் உட்காரட்டும். முழங்கால் இடிக்கிறதா? முழங்கால் வலி உள்ள பெரியவர் ஏறி இறங்கட்டும். இரண்டாவது முறை ஏறச் சொன்னால் முகம் சுளிக்கிறாரா? பின் சீட்டில் நடுவில் மூன்றாவது ஆள் உட்கார முடிகிறதா? டிக்கியைத் திறந்து, மாற்றுச் சக்கரம் போக மிச்சம் எவ்வளவு இடம் என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் பெரிய சூட்கேஸையே கொண்டுபோய் வைத்துப் பார்த்தாலும் தப்பில்லை.

இந்தச் சோதனையில் ஒரு கார் தோற்றால், எவ்வளவு மேல் வேரியன்டுக்குப் போனாலும் அது ஜெயிக்காது. காரின் உடல் அளவு வேரியன்டுக்கு வேரியன்ட் மாறுவதில்லை.

பழைய கார் வாங்குபவர்களுக்கு

2022, 2023-ல் விற்ற எக்ஸ்1, க்யூ3 எல்லாம் இப்போது பழைய கார் சந்தைக்கு வர ஆரம்பித்திருக்கின்றன. இன்ஷூரன்ஸ் கணக்கின்படி, இரண்டிலிருந்து மூன்று வயதான காரின் மதிப்பில் 30 சதவிகிதமும், நான்கிலிருந்து ஐந்து வயதானதில் 50 சதவிகிதமும் கழித்துவிடுவார்கள். முதல் உரிமையாளர் கூடுதலாகக் கொடுத்த ஐந்தரை லட்சமும் இந்தக் கழிவுக்குத் தப்பாது. எனவே டாப் வேரியன்ட் ஆசை உள்ளவர்களுக்குப் பழைய கார் சந்தை நல்ல இடம். அந்த வசதிகளுக்கான பெரிய இழப்பை இன்னொருவர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

ஆனால் பேட்ஜை நம்பாதீர்கள். ‘எம்’, ‘ஏஎம்ஜி’ எழுத்துகளை வெளியில் வாங்கி ஒட்டிவிடலாம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் மாடல் பெயரையும், முதல் விற்பனை இன்வாய்ஸையும் பாருங்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் எந்த வேரியன்ட் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியே சர்வீஸ் வரலாற்றையும் கேட்டு வாங்கலாம்.

எலெக்ட்ரிக்கும் ஒரு வேரியன்ட்தான்

பெட்ரோலா, டீசலா என்ற கேள்விக்கு இப்போது மூன்றாவது பதிலும் இருக்கிறது. 2025 ஜனவரியில் பிஎம்டபிள்யூ, ஐஎக்ஸ்1 காரின் நீளமான வடிவத்தை 49 லட்சம் ரூபாய்க்கு அறிமுகம் செய்தது. இதுவும் சென்னையில் தயாராவதுதான். 66.4 கிலோவாட் அவர் பேட்டரி, 204 எச்.பி., முன்னும் பின்னும் சக்கரங்களுக்கு இடையே 2,800 மி.மீ. சாதாரண எக்ஸ்1-ல் இது 2,692 மி.மீ. அந்த 10 செ.மீ. கூடுதலின் பலனைப் பின் சீட்டில் உட்காருபவர்கள் உணர்வார்கள். எலெக்ட்ரிக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம் மட்டுமே. சாலை வரிச் சலுகை எந்தத் தேதி வரை என்பதைப் பதிவு செய்வதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டிலோ அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கிலோ சார்ஜர் வைக்க வழி இருந்தால்தான் இந்தப் படியைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

ஷோரூமில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இந்த இரண்டு வேரியன்டுக்கும் இடையே இன்ஜின், கியர்பாக்ஸ், பாதுகாப்பில் என்ன மாறுகிறது? அதை மட்டும் தனியே எழுதிக் கொடுங்கள்.
2. இரண்டுக்கும் ஆன்-ரோடு விலை எவ்வளவு? ஸீரோ டெப் இன்ஷூரன்ஸோடு எவ்வளவு?
3. டயர் சைஸ் என்ன? ஒரு டயரின் விலை என்ன? மாற்றுச் சக்கரம் உண்டா?
4. மேல் வேரியன்ட் வேண்டாம் என்றால், மிச்சமாகும் பணத்தில் கூடுதல் வாரன்டியும் சர்வீஸ் பேக்கேஜும் என்ன விலை?
5. நான் வாங்கப்போகும் அதே வேரியன்டை டெஸ்ட் டிரைவுக்குத் தர முடியுமா?

நான்காவது கேள்வியை மட்டும் மறக்காதீர்கள். சொகுசு காரில் வாங்கும் செலவைவிட வைத்திருக்கும் செலவுதான் பலரைத் திணறவைக்கிறது. வாரன்டி முடிந்த பிறகு வரும் பெரிய ரிப்பேர் பில்லை வண்ண விளக்கு கட்டாது. கூடுதல் வாரன்டி கட்டும்.

அடுத்த முறை “இன்னும் ரெண்டு லட்சம்தான் சார்” என்று சொன்னால், கோபப்பட வேண்டாம். அது அவர் வேலை. “எதுக்கு ரெண்டு லட்சம்?” என்று கேட்டுவிட்டு, பதிலை ஒரு தாளில் எழுதி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜினா, வசதியா, அலங்காரமா என்று குடும்பமாக உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.